மசேநி பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். வயது 41. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். 2012ல் வேலை அனுமதியில் வந்தேன், 2017ல் நிரந்தரவாசம் கிடைத்தது. அடிப்படைச் சம்பளம் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கணவரும் நிரந்தரவாசிதான், துவாஸில் வேலை. மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். சொந்த வீடு வாங்கவில்லை, வாடகைக்கு இருக்கிறோம்.

என் மசேநி (மத்திய சேமநிதி, சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் இப்போது சாதாரணக் கணக்கில் 92,000, சிறப்புக் கணக்கில் 30,000, மருத்துவச் செலவுக்கான மெடிசேவில் 36,000 இருக்கிறது. மொத்தம் 158,000 வெள்ளி. மாமியார் ஊரில் தனியாக இருக்கிறார், உடம்பு முன்போல இல்லை. 'நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு மொத்தப் பணத்தையும் எடுத்து வந்துவிடு, இங்கே வங்கியில் போட்டால் வட்டியே மாதம் 60,000 ரூபாய் வரும்' என்கிறார் அண்ணன். அவர் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர், 2009ல் சேர்ந்தவர். 'அரசாங்க வேலை என்கிறாய், பென்ஷன் கூடக் கிடையாது, அப்புறம் எதற்கு அங்கே?' என்று கேட்கிறார். எங்கள் வார்டிலிருந்து ஓய்வுபெற்ற மூத்த தாதி ஒருவர் மாதாமாதம் அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிறார். எனக்கு ஏன் இல்லை? கூட வேலை பார்க்கும் தோழி வேலை அனுமதியில் இருக்கிறாள், அவளுக்குச் சம்பளம் முழுதாகக் கைக்கு வருகிறது, எனக்கு மசேநிக்கென்று 1,040 வெள்ளி போய்விடுகிறது. விதிகளையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மசேநியில் தொடர்வதா, விலகுவதா?

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மாமியாரை யார் பார்த்துக்கொள்வது என்பது ஒன்று. 158,000 வெள்ளியை எங்கே வைப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கு விடை தானாக வரும். நீங்கள் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள். பணம் பெரிதாகத் தெரிவதால், அதை எடுப்பதற்காகவே ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். அந்த வரிசையில் யோசிக்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் ஓய்வூதியம். உங்கள் வார்டின் மூத்த தாதி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொது மருத்துவமனைகள் அரசாங்கத் துறையின் நேரடிப் பகுதி, ஊழியர்கள் அரசாங்க ஊழியர்கள், ஓய்வூதியச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தியது. 1986 இறுதியில், புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திட்டம் மூடப்பட்டது. அதே காலகட்டத்தில் மருத்துவமனைகளும் ஒவ்வொன்றாக அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனங்களாக மாற்றப்பட்டன. ஆகவே நீங்கள் இழந்தது எதுவுமில்லை. உங்களுக்கு அந்தக் கதவு ஒருநாளும் திறந்திருக்கவில்லை. உங்கள் ஓய்வூதியம் என்பது மசேநிதான். 65 வயதில் மாதாமாதம் பணம் தரும் வேலையை மசேநி லைஃப் திட்டம் செய்கிறது, ஆயுள் உள்ளவரை.

அண்ணனிடம் மெதுவாக ஒன்று கேட்டுப் பாருங்கள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களைத் தமிழக அரசு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்த்தது. ஊழியர் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு. 2009ல் சேர்ந்த அவரும் அந்த வகைதான். பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியது இதனால்தான். பென்ஷன் என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது ஒருவேளை உங்கள் அப்பா தலைமுறை வாங்கிய பென்ஷனாக இருக்கலாம். அந்தத் திட்டத்தில் அவருக்குப் பிடித்த 10க்கு எதிரே வந்தது 10. உங்களுக்குப் பிடிக்கும் 20க்கு எதிரே வருவது 17.

இங்கேதான் தோழியின் கதையும் வருகிறது. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வையுங்கள். 5,200 வெள்ளியில் உங்கள் 20 விழுக்காடு 1,040. அந்த வரி கண்ணில் படுகிறது, வலிக்கிறது. முதலாளியின் 17 விழுக்காடு 884 வெள்ளி, கைக்கு வரும் தொகையில் சேராததால் பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. இரண்டும் சேர்ந்து மாதம் 1,924. உங்கள் வயதுக்கு அதில் 1,092 சாதாரணக் கணக்குக்கும், 364 சிறப்புக் கணக்குக்கும், 468 மெடிசேவுக்கும் போகிறது. தோழிக்கு 1,040 கையில் நிற்கிறது, உண்மைதான். ஆனால் அந்த 884 அவருக்கு எங்கேயும் கிடையாது. உங்கள் 1,040 உங்கள் பெயரில்தான் இருக்கிறது, அதற்கு இங்கே வருமான வரியும் இல்லை. ஆண்டுக்கு 10,608 வெள்ளி முதலாளி போடுகிறார். சம்பளம் ஒரு வெள்ளிகூட ஏறாமல் 55 வயதுவரை இதே நிலையில் இருந்தாலும் 14 ஆண்டில் அது மட்டும் 148,512. இன்று உங்கள் கணக்கில் இருக்கும் மொத்தத் தொகைக்குக் கிட்டத்தட்ட சமம், வட்டி சேர்க்காமலே.

நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு, மசேநியை எடுத்துக்கொண்டு, பிறகு தோழி மாதிரி வேலை அனுமதியில் திரும்பி வந்துவிடலாம் என்று கேன்டீனில் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். இப்படிக் கேட்டு எனக்கு அடிக்கடி கடிதம் வருகிறது. அது நடக்காது. மொத்தத்தையும் எடுக்க வேண்டுமானால், சிங்கப்பூரைவிட்டு நிரந்தரமாகப் போகிறேன், இங்கே வேலை செய்யவோ வசிக்கவோ திரும்பும் எண்ணமில்லை என்று அறிவித்துத்தான் எடுக்க வேண்டும். பொய் உறுதிமொழி கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு உங்களைத் தள்ளிக்கொள்ளாதீர்கள்.

இப்போது அண்ணனின் 60,000 ரூபாய். அவர் கணக்கு தப்பில்லை. 158,000 வெள்ளியை, ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் ஒரு கோடியே நான்கு லட்சம். 'கோடி' என்ற சொல்லுக்கு நம் குடும்பங்களில் ஒரு தனி மயக்கம் உண்டு. வைப்புத்தொகைக்கு 7 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏழே கால் லட்சம், மாதம் 60,000. ஆனால் அந்த வட்டியை முழுக்கச் செலவழித்தால் அசல் ஒரு கோடியிலேயே நின்றுவிடும், வட்டியும் 60,000த்திலேயே நின்றுவிடும். ஊரில் விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்தால், உங்களுக்கு 55 ஆகும்போது அந்த 60,000 இன்றைய 30,000 ரூபாய்க்கு வாங்கும் பொருளைத்தான் வாங்கும். 85 வயதுவரை இருப்பீர்கள் என்றால் இந்தப் பணம் இன்னும் 44 ஆண்டுகள் தாங்க வேண்டும். அதுதான் உண்மையான சோதனை.

வட்டியைத் தொடாமல் அப்படியே விட்டால்? அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கோடியே நான்கு லட்சம், 7 விழுக்காட்டில் 14 ஆண்டில் இரண்டு கோடியே அறுபத்தெட்டு லட்சம் ரூபாயைத் தொடும். இங்கேயே புதிதாக ஒரு வெள்ளிகூடச் சேராமல் விட்டால், சாதாரணக் கணக்கு 2.5 விழுக்காடு, மற்ற இரண்டும் 4 விழுக்காடு என்ற அடிப்படையில் 158,000 வெள்ளி 244,000 ஆகும். கூடுதல் வட்டியை நான் சேர்க்கவில்லை. முதல் 60,000 வெள்ளிக்கு இன்னும் ஒரு விழுக்காடு வரும், அதில் சாதாரணக் கணக்கிலிருந்து 20,000 வரைதான் எண்ணப்படும்.

4 பெரிதா, 7 பெரிதா என்று கேட்கும்போது நாம் மறப்பது, ஒன்று வெள்ளியில், மற்றது ரூபாயில் என்பதை. 2005ல் ஒரு வெள்ளிக்கு 26 ரூபாய் அளவில் கிடைத்தது. 2015ல் 46 ரூபாயை ஒட்டி. 2025ல் 65ஐத் தாண்டியது. நீங்களே ஊருக்குப் பணம் அனுப்பும் நாளில் சிராங்கூன் சாலைக் கடைகளின் பலகையில் இந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்கள். கடந்த பத்து ஆண்டுகளை எடுத்தால் வெள்ளிக்கு எதிரே ரூபாய் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு இறங்கியிருக்கிறது. அதே வேகம் தொடர்ந்தால் 14 ஆண்டில் ஒரு வெள்ளி 107 ரூபாயை ஒட்டி இருக்கும், 244,000 வெள்ளி இரண்டு கோடியே அறுபது லட்சம் ரூபாய் ஆகும். பார்த்தீர்களா, ஏறக்குறைய சமம். அண்ணன் சொல்வதுபோல ஊர் வங்கி பெரிதாகவும் தருவதில்லை, இங்கே இருப்பவர்கள் சிலர் சொல்வதுபோல மசேநி அதைத் தூக்கிச் சாப்பிடவும் இல்லை. ரூபாய் நிலையாக நின்றுவிட்டால் அண்ணன் கை ஓங்கும், வேகமாகச் சரிந்தால் உங்கள் கை ஓங்கும். இதை முன்கூட்டிச் சொல்ல ஜோசியரால்தான் முடியும்.

ஆக, வட்டி உங்கள் முடிவைத் தீர்மானிக்கப் போவதில்லை. புதிதாகச் சேரும் பணம்தான் தீர்மானிக்கும். நீங்கள் வேலையில் தொடர்ந்தால், அதே 5,200 வெள்ளிச் சம்பளத்தில், போனஸ் எதையும் எண்ணாமல், வயதுக்கேற்ப மாறும் பங்கீட்டை மட்டும் வைத்துப் போட்டேன். 55 வயதில் சாதாரணக் கணக்கும் சிறப்புக் கணக்கும் சேர்ந்து 470,000 வெள்ளியை ஒட்டி நிற்கும். மெடிசேவ் தனி. சம்பள உயர்வு ஒன்றிரண்டு வந்தாலும் இது இன்னும் கூடும். 2026 ஜனவரி முதல் மசேநிக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 வெள்ளி, அதனால் உங்கள் உயர்வு முழுவதற்கும் 17 விழுக்காடு தொடர்ந்து கிடைக்கும்.

55ல் என்ன நடக்கும்? ஓய்வுக்காலக் கணக்கு ஒன்று திறக்கப்படும், முதலில் சிறப்புக் கணக்கிலிருந்தும் பிறகு சாதாரணக் கணக்கிலிருந்தும், அரசாங்கம் நிர்ணயிக்கும் முழு ஓய்வுக்காலத் தொகை அதற்குள் போகும். 2026ல் 55 ஆகிறவர்களுக்கு அது 220,400 வெள்ளி. உங்களுக்கு 2040ல்தான் 55, அதற்குள் அந்தத் தொகை மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும் என்று வைத்துக்கொண்டுதான் நான் திட்டம் போடுவேன். அதற்கு மேலே இருப்பதை நீங்கள் எடுக்கலாம். உள்ளே போனது 65 வயதிலிருந்து மாதப் பணமாக வரும். இன்றைய முழுத் தொகையை வைத்திருப்பவருக்கு மாதம் 1,700 வெள்ளியைச் சுற்றி வரும் என்பது இப்போதைய மதிப்பீடு. 70 வயதுவரை தள்ளிப்போட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும்.

விதிகள் மாறுகின்றன என்ற உங்கள் குறை நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். 2025 ஜனவரியில் 55 வயதைத் தாண்டியவர்களின் சிறப்புக் கணக்கை மூடினார்கள். அதை நம்பித் திட்டம் போட்டிருந்த பலருக்கு எரிச்சல். ஓய்வுக்காலத் தொகை ஆண்டுதோறும் ஏறுகிறது. சிறப்புக் கணக்குக்குக் குறைந்தது 4 விழுக்காடு என்பதும் அவ்வப்போது நீட்டிக்கப்படும் உறுதிதான். முதலாளியின் பங்கும் கல்வெட்டில் பொறித்ததல்ல. 1985ல் பொருளியல் சரிந்தபோது, 1986ல் அது 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறக்கப்பட்டது, பிறகு சிறிது சிறிதாக ஏறித்தான் இன்றைய 17. இன்னொரு பக்கமும் பாருங்கள். உங்களுக்கு 55 ஆகும் ஆண்டில் உங்களுக்குரிய ஓய்வுக்காலத் தொகை நிர்ணயிக்கப்பட்டுவிட்டால் அதன்பின் அது உங்களுக்கு ஏறாது. இந்தியாவிலும் வைப்புத்தொகை வட்டி 14 ஆண்டுக்கு ஒரே இடத்தில் நிற்கப் போவதில்லை. விதி மாறாத இடம் ஒன்று இருந்தால் நானும் அங்கே போய்ப் பணத்தைப் போட்டுவிடுவேன்.

அண்ணன் அடுத்த கட்டமாகத் தஞ்சாவூர்–திருச்சி சாலையில் மனை ஒன்று இருக்கிறது என்று சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் மகிழ்ச்சி. சொன்னால், ஓய்வுக்காலத்துக்கென்று இருக்கும் ஒரே பணத்தை மனையில் முடக்காதீர்கள். மனை விலை ஏறலாம். ஆனால் உங்கள் மகன் கல்லூரிக்குப் போகும் மாதத்தில் பாதி மனையை விற்க முடியாது.

சரி, மாமியார். இதுதான் உங்கள் கடிதத்தின் உயிர், ஆனால் ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பார்க்க வேண்டும் என்பது உண்மையான காரணம் என்றால், அதற்காகச் சிங்கப்பூரை விடுவது தவறே அல்ல. என்னிடம் வருகிறவர்களில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள், போனது சரி என்றுதான் சொல்கிறார்கள். நான் கேட்பது, அதற்கு நிரந்தரவாசத்தையும் மசேநியையும் இப்போதே கொளுத்த வேண்டுமா என்பதுதான். உங்கள் மனிதவளப் பிரிவில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ கிடைத்தால், ஊரில் இருந்து பாருங்கள். மாமியாருக்குத் தேவை ஆள் துணையா, மருத்துவமா, மகனின் முகமா என்பது அங்கே போய் இருந்தால்தான் தெரியும். அந்த மாதங்களில் மசேநியில் புதிதாக எதுவும் சேராது, ஆனால் இருப்பது வட்டியோடு இருக்கும், வேலையும் இருக்கும். கணவர் மட்டும் சில மாதம் போய் இருப்பதும் ஒரு வழி, அது உங்கள் அம்மாவோ அவருடைய அம்மாவோ என்ற பேச்சை வீட்டில் கிளப்பாவிட்டால்.

ஊரில் வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், தஞ்சாவூரிலும் திருச்சியிலும் உள்ள தனியார் மருத்துவமனைகளில் உங்கள் அனுபவத்துக்கு என்ன சம்பளம் தருவார்கள் என்று இந்த வாரமே இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். அந்த எண்ணைக் கேட்ட பிறகு மறுபடி இந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்.

நிரந்தரவாசத்தை வைத்துக்கொண்டே ஊரில் போய் இருந்துவிடலாமே என்று தோன்றும். கொஞ்ச காலத்துக்கு முடியும். ஆனால் மறுநுழைவு அனுமதி காலாவதியாகி, அதைப் புதுப்பிக்காமலும் விட்டுவிட்டால் நிரந்தரவாசமும் கையைவிட்டுப் போகும். அதைப் புதுப்பிக்கும்போது இங்கே உங்களுக்கு வேலையோ குடும்பமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கணவர் துவாஸில் தொடர்ந்தால் ஒரு கதை, இருவரும் போய்விட்டால் வேறு கதை. நிரந்தரவாசம் போன பிறகும் பணத்தை இங்கேயே வட்டிக்கு விட்டுவைக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். போகிறவர் எடுத்துக்கொண்டு போவதற்கென்றுதான் அந்த ஏற்பாடு. மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதியும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே, அதுவும் நின்றுவிடும். ஊரில் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் நம் குடும்பங்களில் வாசலிலேயே நிற்பவை என்பது தாதியான உங்களுக்குத் தெரியாததல்ல.

மகனைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளைகள் பதினாறரை வயதில் தேசிய சேவைக்கு (கட்டாயப் படைப்பணி) பதிவு செய்ய வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராகப் பார்க்கப்படும். அவனுக்கு இப்போது பத்து வயது. உங்கள் முடிவு அவனுடைய முடிவாகவும் ஆகிவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எல்லாம் யோசித்து, போவதுதான் என்று முடிவானால், போகும் முறையில் நிறைய பணம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பொது மருத்துவமனைத் தாதிகளைத் தக்கவைக்க சுகாதார அமைச்சு 2024ல் ஏஞ்சல் திட்டத்தை அறிவித்தது. இருபது ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை, நான்கு முதல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 20,000, 30,000 என்று தவணைகளாக. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு ஆச்சரியம். உங்களுக்கு அடுத்த தவணை எந்த மாதம், அன்று பணியில் இருக்க வேண்டுமா, ராஜினாமா கொடுத்துவிட்டு அறிவிப்புக் காலத்தில் இருந்தால் கிடைக்குமா என்று தெரியாமல் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று மாதம் அவசரப்பட்டதற்கு 20,000 வெள்ளி விலை கொடுக்க நேர்ந்தால் அண்ணன் சொல்லும் வட்டியில் அதைச் சம்பாதிக்கக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு ஆகும்.

நிரந்தரவாசி ஒருவர் சிங்கப்பூரைவிட்டு நிரந்தரமாகப் போகும்போது முதலாளி ஐஆர்21 படிவம் மூலம் வரித் தீர்வைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைப்பார்கள். விமானச் சீட்டும் சாமான் அனுப்பும் செலவும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் என்று திட்டமிட்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு மாதச் செலவுக்காவது தனியாக வைத்திருங்கள்.

பணத்தை எடுக்கும்போது அது முதலில் உங்கள் சிங்கப்பூர் வங்கிக் கணக்குக்கு வரட்டும். நேராக இந்தியக் கணக்குக்கு வாங்காதீர்கள். இந்திய வருமான வரியில், நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர் உடனே முழு வசிப்பாளராகிவிடுவதில்லை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டுவாசியாக இருந்தவர், 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலையில் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் இருப்பார். 2012லிருந்து இங்கே இருக்கும் நீங்கள் அதில் வருவீர்கள். அந்தக் காலத்தில், வெளிநாட்டில் உருவாகி வெளிநாட்டிலேயே கைக்கு வரும் வருமானத்துக்கு இந்தியா வரி கேட்பதில்லை. முதன்முதலாக இந்தியாவிலேயே கைக்கு வந்தால் கதை வேறு. ஆகவே நாட்டைவிட்டுக் கிளம்பும் சமயத்திலேயே எடுத்து, இங்குள்ள கணக்கில் வாங்கி, பிறகு மாற்றுவதுதான் சுத்தமான வழி. ஐந்தாறு ஆண்டு கழித்து, முழு வசிப்பாளரான பிறகு எடுக்கப்போய், இது என்ன வருமானம் என்று அதிகாரி கேட்கும் நிலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் ஊரில் நல்ல பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள், அந்தக் கட்டணம் வீண்போகாது. மொத்தத்தையும் ஒரே நாளில் ரூபாயாக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டில் தேவைப்படுவதை மட்டும் மாற்றுங்கள்.

இதெல்லாம் போகிறவருக்கு. என்னைக் கேட்டால், இந்த ஆண்டு நீங்கள் மசேநியிலிருந்து விலகக் கூடாது. பாசத்துக்காக ஊருக்குப் போங்கள், விடுப்பு எடுத்துப் போங்கள், ஒரு கோடி என்ற எண்ணுக்காகப் போகாதீர்கள். எடுப்பது ஒருவழிப் பாதை. இன்னும் ஓர் ஆண்டு தங்கினால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. ஊரில் வங்கிகள் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும், கணக்கில் மட்டும் இன்னும் 23,000 வெள்ளி சேர்ந்திருக்கும்.

இருந்தாலும் போனாலும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. மசேநி பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. அதற்கென்று தனியாக வாரிசு நியமனம் செய்ய வேண்டும். செய்யாமல் ஒன்று நடந்துவிட்டால் பொது அறங்காவலர் அலுவலகம் வழியாகத்தான் குடும்பத்துக்குப் போகும், நாளும் அலைச்சலும் ஆகும். சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளம்) மூலம் இணையத்திலேயே செய்யலாம், இரண்டு சாட்சிகள் போதும், வார்டில் இரண்டு தோழிகள் இல்லாமலா போவார்கள்?

கடிதத்தில் கணவரின் கணக்கைப் பற்றி ஒரு எண்கூட இல்லை. அவருக்கும் ஒரு மசேநி இருக்கிறது, அவருக்கும் முதலாளி பங்கு போடுகிறார். அவருடைய கணக்கு இருப்பு, வயது, சம்பளம் மூன்றையும், ஏஞ்சல் தவணை பற்றி மனிதவளப் பிரிவு தரும் பதிலையும் வாங்கிக்கொண்டு மறுபடி எழுதுங்கள். இரண்டு பேர் கணக்கையும் சேர்த்துப் போட்டால்தான் வீட்டின் கணக்கு முழுதாகும்.